'பிக் அப்' எங்க மாட்டுது? சீன மாணவர்களுக்கு அறிகுறி வாரியா சரி பண்ற வழி

சீனாவுல இருக்குற பெரியவங்களுக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் எடுக்குறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சிங்கப்பூர், மலேசியாவுல கூட வேலை பாக்குற சீன நண்பருக்கு இங்கிலீஷ்ல உதவுறவங்களுக்கும் இது ஆகும். கிளாஸுக்கு கிளாஸ் திரும்பத் திரும்ப வர்ற ஒரே பிரச்னை 'பிக் அப்'. 'டேக் ஆஃப்', 'மேக் அப்' எல்லாமும் படுத்தும், ஆனா தினசரி பேச்சுல இது வராத இடமே இல்லை. இலக்கண விளக்கம் எதுவும் கிடையாது, மாணவர்கிட்ட என்ன அறிகுறி தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இதைப் பண்ணுங்க

"பிக் அப்னு கேட்டதும் உனக்கு சீனத்துல முதல்ல வர்ற வார்த்தை என்ன"ன்னு கேளுங்க. பெரும்பாலும் ரெண்டே பதில்தான் வரும். ஒண்ணு 'ஜியென்', அதாவது குனிஞ்சு தரையிலேருந்து எடுக்கறது. இன்னொண்ணு 'ஜியே', அதாவது ஒருத்தரைப் போய்க் கூட்டிட்டு வர்றது, போனை எடுக்கறது. 'ஜியென்'னு சொல்றவங்க பரீட்சைக்கு வார்த்தை புஸ்தகத்தை மனப்பாடம் பண்ணி வந்தவங்களா இருப்பாங்க, அவங்க அறிகுறி 1, 4 பக்கம் போவாங்க. 'ஜியே'ன்னு சொல்றவங்க ஆபீஸ், ஹோட்டல், டிராவல்ஸ் மாதிரி ஆளுங்களோட பழகுற வேலையில இருப்பாங்க, அவங்களுக்கு 3, 6 தான் வரும். இந்தக் கேள்வியைக் கேக்காம நேரா அர்த்தப் பட்டியலைத் திறந்து வெச்சீங்கன்னா ஒரு மணி நேரமும் போயிடும், அடுத்த வாரம் அதே தப்போட வந்து நிப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு, இது நமக்கு. தமிழ்ல நாம 'ஆபீஸ் கேப் பிக்கப்', 'வண்டியில பிக்கப் இல்லை', 'வியாபாரம் பிக்கப் ஆயிடுச்சு'ன்னு அந்த வார்த்தையை அப்படியே எடுத்துப் புழங்கிட்டு இருக்கோம், அதனால அதோட பாதி அர்த்தம் நமக்கு வேலை செய்யாமலே தெரியும். மேன்டரின்ல அந்த மாதிரி ஒலியோட உள்ளே போனது 'பீ கா'ன்னு பிக்கப் டிரக்குக்கு சொல்றது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு புழக்கத்துல இருக்கு. அதனால "இதுல என்ன கஷ்டம்"னு நமக்குத் தோணுற இடத்துலதான் அவங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் புரியாம இருக்கும்.

அறிகுறி 1: வாசிக்கும்போது அர்த்தம் எங்கியோ போகுது

"சேல்ஸ் பிக்ட் அப் இன் மார்ச்" அப்படின்னு ஒரு வரி. மாணவர் அதை "மார்ச்ல யாரோ விற்பனையை எடுத்துட்டுப் போனாங்க"ன்னு சீனத்துல சொல்றார். இல்லன்னா "தி விண்ட் இஸ் பிக்கிங் அப்" பாத்துட்டு காத்து எதையோ தூக்குதுன்னு நினைக்குறார்.

காரணம் ஒண்ணு, ரொம்ப சிம்பிள்: 'பிக் அப்'புக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாக்கவே இல்லை. செக் பண்ண, அதுக்கு அடுத்து வர்ற வார்த்தைக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்க. எதை எடுக்குறோம்ங்கிற பொருள் ஒண்ணும் இல்லைன்னா, முன்னாடி இருக்குறது யாருன்னு பாக்கச் சொல்லுங்க. முன்னாடி வியாபாரம், பொருளாதாரம், காத்து, டிராஃபிக் மாதிரி ஏதாவது இருந்தா அது கூடுது, தேறுதுன்னு அர்த்தம். வியாபாரத்துக்கு சீனத்துல 'ஹாவ் ஜுவான்'னு வரும். முன்னாடி ஆள் இருந்தா, "ஐ கால்ட் ட்வைஸ் பட் ஷி டிட்ன்ட் பிக் அப்" மாதிரி, அது போன் எடுக்கறது. ஆள் இருந்து பின்னாடி "வேர் வி லெஃப்ட் ஆஃப்" வந்தா விட்ட இடத்துலேருந்து தொடர்றது. இதுக்கு சீனத்துலயே 'ஜியே ஜ'ன்னு அதே 'ஜியே' குடும்பத்து வார்த்தை இருக்கு, அதைச் சொன்னா சட்டுனு பிடிச்சுப்பாங்க.

பின்னாடி பொருள் இருந்தா அந்தப் பொருள்தான் அர்த்தத்தை முடிவு பண்ணும். நான் பட்டியல் கொடுக்குறதில்லை, வார்த்தையை மட்டும் மாத்தி மாத்திக் கேப்பேன்: பேனா வந்தா? ஜியென். பாட்டி, ஸ்டேஷன் வந்தா? ஜியே. பார்சல் வந்தா? ச்சூ, போய் வாங்கிட்டு வர்றது. வழியில கடையில பால்? போற போக்குல வாங்கறது. மொழி, பழக்கம், உச்சரிப்பு? தானா படிஞ்சது. ஜலதோஷம், தொற்று? ஒட்டிக்கிட்டது, 'ரான் ஷாங்'. சிக்னல்? கருவி வாங்கிக்கறது. ஸ்பீடு? வேகம் எடுக்கறது. பில்லு? காசு கொடுக்கறது, 'மாய் தான்'. பத்து நிமிஷத்துல இது முடிஞ்சிடும், அதுவும் வாய்மொழியா பண்ணணும், எழுத விட்டா திரும்ப மனப்பாடம் ஆயிடும்.

காரணம் ரெண்டு: ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு சீன வார்த்தைன்னு இருக்குற பழைய வார்த்தை புஸ்தகம். பல்கலைக்கழகத்துல சிஇடி 4, சிஇடி 6ங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதி வந்தவங்க எல்லாரும் அந்த மாதிரி புஸ்தகத்தைத் தாண்டித்தான் வந்திருப்பாங்க. அவங்க சுயமா ஒரு வாக்கியத்துல பார்த்த 'பிக் அப்'பை அந்த முழு வாக்கியத்தோட ஒரு கார்டுல எழுதச் சொல்லுங்க, பின்பக்கம் சீன வார்த்தை வேணாம், அந்த இடத்துக்கான ஒரு சின்னப் படம் போதும். எல்லா அர்த்தத்தையும் ஒரே நாள்ல ஊத்தாதீங்க. கார்னியே, ஷ்மிட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2015ல வெளியிட்ட பட்டியல்ல அதிகம் புழங்குற 150 ஃப்ரேஸல் வெர்புக்கு, அதாவது 'பிக் அப்' மாதிரி வினையோட சின்ன வார்த்தை சேந்து வர்றதுக்கு, மொத்தமா 288 அர்த்தம்தான் எடுத்திருக்காங்க, அதாவது வார்த்தைக்கு சராசரி ரெண்டு. முதல்ல ரெண்டு மூணை கெட்டியா பிடிக்க வைங்க, மீதி வாசிக்க வாசிக்க வரும்.

காரணம் மூணு, கொஞ்சம் நேரம் பிடிக்கும்: "தி சேல்ஸ் வாஸ் பிக்ட் அப்"னு தானா நடக்குற விஷயத்தை யாரோ பண்ண மாதிரி மாத்தி எழுதறது. இது 'பிக் அப்' பிரச்னை மட்டும் இல்லை. "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்"டும் எழுதுறாரான்னு பாருங்க. எழுதுறார்னா 'பிக் அப்'பை விட்டுட்டு அதைத் தனியா ஒரு மாசம் கவனிக்கணும். ரெண்டும் கலந்து திருத்தினா எதுவும் நிக்காது.

அறிகுறி 2: "பிக் அப் ஹிம்"னு வருது

இதுதான் எனக்குப் பிடிச்ச அறிகுறி, ஏன்னா சரி பண்றதுக்கான சாமான் அவங்க மொழியிலேயே இருக்கு, ஆனா யாரும் அதைக் காட்டறதில்லை.

முதல்ல செக். நாலு வாக்கியம் கொடுங்க: "பிக் அப் தி புக்", "பிக் தி புக் அப்", "பிக் இட் அப்", "பிக் அப் இட்". எது தப்புன்னு கேளுங்க. நாலாவதுன்னு சொல்லத் தெரிஞ்சும் பேசும்போது தப்பா வருதுன்னா அது வேற கேஸ், கீழ வர்றேன். நாலுமே சரின்னு சொன்னா இங்க நில்லுங்க.

"புஸ்தகத்தை எடு"ங்கறதை 'பா' போட்டு சீனத்துல சொல்லச் சொல்லுங்க, பொருளை வினைக்கு முன்னாடி கொண்டுவர்ற சின்ன சீன வார்த்தை அது. "பா ஷு ஜியென் ச்சிலாய்" அப்படின்னு வரும். இப்ப புஸ்தகத்துக்கு பதிலா 'அது'ன்னு போடச் சொல்லுங்க, "பா தா ஜியென் ச்சிலாய்". பொருள் முன்னாடி, மேல போறதைக் காட்டுற 'ச்சிலாய்' கடைசி. அந்த 'ச்சிலாய்' இருக்குற இடத்துலதான் 'அப்' உக்காருது. இன்னும் நல்லா காட்டணும்னா "நா ச்சூ யி பன் ஷு லாய்"னு அவங்க தினமும் சொல்ற ஒரு வரி, ஒரு புஸ்தகத்தை வெளிய எடுன்னு அர்த்தம், அதுல திசை காட்டுற 'ச்சூ லாய்'ங்கிற ஜோடியை ரெண்டா உடைச்சு நடுவுல புஸ்தகம் வந்து உக்காருது. வினையும் திசை வார்த்தையும் பிரிஞ்சு நடுவுல பொருள் வர்றது இங்கிலீஷ்காரன் கண்டுபிடிச்ச விநோதம் இல்லை, உங்க வாய்ல தினமும் நடக்குதுன்னு காட்டின அந்த நிமிஷம் மாணவரோட முகமே மாறும். "லாவ்ஷி, இதை ஸ்கூல்ல யாரும் சொல்லலையே"ன்னு கேப்பாங்க, 'லாவ்ஷி'ன்னா டீச்சர்.

அப்புறம் விதி ஒரே வரி: 'இட், ஹிம், ஹெர், தெம், மீ, அஸ்' வந்தா நடுவுல மட்டும்தான். அழுத்தம் 'அப்' மேல. மேஜை மேல இருக்குற சாமானை ஒவ்வொண்ணா கேமரா முன்னாடி எடுத்துக்கிட்டே "ஐ'ம் பிக்கிங் இட் அப்"னு சொல்ல வைங்க, கையும் வாயும் சேந்து நடக்கணும்.

இதுல ஒரு கிளை: "பிக் அப் ஆன்". குறிப்பால ஒண்ணைப் புரிஞ்சுக்கறது. அதுல நடுவுல வெக்கக் கூடாது, "ஷி வாஸ் அப்செட் அண்ட் ஐ டிட்ன்ட் பிக் அப் ஆன் இட்"னுதான் வரும். முதல் விதி நல்லா செட் ஆகுற வரைக்கும் இதைக் கண்ணுல காட்டாதீங்க.

எழுத்துல சரி, பேச்சுல தப்புன்னா விதி தெரியும், வேகம் இல்லை. தினம் மூணு நிமிஷம் கேள்வி பதில் போதும்: "வேர்ஸ் யுவர் மதர்? ஆர் யூ பிக்கிங் ஹெர் அப்?" அப்படின்னு நீங்க கேக்கணும், அவங்க முழு வாக்கியமா திருப்பிச் சொல்லணும். ரெண்டு மாசம் பண்ணியும் அசையலைன்னா, 'புட் ஆன்', 'டர்ன் ஆஃப்'லயும் அதே தப்பு இருந்தா, வாக்கிய அமைப்பையே அடியிலேருந்து எடுக்குற பயிற்சி பெத்த ஆசிரியர்கிட்ட அனுப்பறது நல்லது. உரையாடல் கிளாஸ்ல அது தீராது.

அறிகுறி 3: தேவையில்லாத இடத்துலயும் 'பிக் அப்' வருது

'ஜியே' ஆளுங்களோட வியாதி இது. சீனத்துல 'ஜியே' ரொம்ப பெரிய வார்த்தை, அது போற இடத்துக்கெல்லாம் 'பிக் அப்'பைக் கூட்டிட்டுப் போவாங்க.

"டுமாரோ ஐ வில் பிக் அப் தி பிளேன்". விமானத்தைத் தூக்கப் போறார்னு நினைக்காதீங்க, 'ஜியே ஜி', ஏர்போர்ட்டுக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு அவங்க சொல்ற சொல் அது, சொல்லுக்குள்ள ஆளே இல்லை, விமானம்தான் இருக்கு. திருத்தம்: ஆளையும் இடத்தையும் கட்டாயம் போடணும், "பிக் மை பாஸ் அப் அட் தி ஏர்போர்ட்". திரும்பக் கொண்டுபோய் விடறதுக்கு 'ஸோங்', அதுக்கு ஜோடியா "டிராப் ஆஃப்" சேத்தே கத்துக்கொடுத்துடுங்க.

"ஹி பிக்ட் அப் தி பால்"னு பாஸ்கெட்பால் பத்தி சொல்வாங்க, அவங்க சொல்ல வந்தது அந்தரத்துல வந்த பந்தைப் பிடிச்சதை. அதுவும் சீனத்துல 'ஜியே ச்சியூ'. இங்கிலீஷ்ல அது "காட்". 'பிக்ட் அப்'னா கீழ விழுந்ததை எடுத்தான்னு ஆயிடும், கதையே மாறிடும். அதே மாதிரி டம்ளர்ல தண்ணி பிடிக்கறது 'ஜியே ஷுவெய்', இங்கிலீஷ்ல "ஃபில்". விருந்தாளியை வரவேத்து கவனிக்கறது 'ஜியே தாய்', அது "ரிசீவ்" இல்லன்னா "ஹோஸ்ட்". ஒத்துக்கறது 'ஜியே ஷோ', அது "அக்செப்ட்".

செக் பண்றது ஈசி. இந்த அஞ்சாறு சீன வரியையும் கலந்து கொடுத்து இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க, எது எதுல 'பிக் அப்' வருதுன்னு குறிச்சுக்குங்க. தப்பு வந்த இடத்தை மட்டும் திருத்துங்க.

போன் விஷயத்துல நாமளும் கவனமா இருக்கணும். "காலை பிக் பண்ணு"ன்னு நாமளே தமிழ்ல சொல்லிட்டு இருக்கோம், அதனால மாணவர் "பிக் மை கால்"னு சொன்னா நம்ம காதுக்கு உறுத்தாது. "பிக் அப் தி ஃபோன்", இல்லன்னா "ஆன்சர் மை கால்", ரெண்டுல ஒண்ணைப் பழக்குங்க.

இதுக்கு நேர் எதிரா, 'பிக் அப்' வேண்டிய இடத்துல வராம போறதும் உண்டு. அதுல நம்பர் ஒன், "ஐ கோ டு டேக் மை எக்ஸ்பிரஸ்". கூரியரை அவங்க 'குவாய் தீ'ன்னு சொல்வாங்க, அதை அப்படியே 'எக்ஸ்பிரஸ்' ஆக்கிடுவாங்க. குடியிருப்புக்குப் பக்கத்துலயே பார்சல் ஸ்டேஷன் இருக்கும், போனுக்கு 'ச்சூ ஜியென் மா'ன்னு ஒரு நம்பர் வரும், அதைக் காட்டி வாங்கிட்டு வருவாங்க, கிட்டத்தட்ட தினமும் நடக்குற காரியம். அந்த மெசேஜையே கிளாஸ்ல திறக்கச் சொல்லி நம்பரை மட்டும் மறைக்கச் சொல்லிட்டு, "திஸ் இஸ் மை பிக்கப் கோட், ஐ'ம் கோயிங் டு பிக் அப் எ பார்சல்"னு அதை வெச்சே பேச வைங்க. மாணவர் அன்னிக்கு சாயங்காலமே அந்த வரியைப் பயன்படுத்த முடியும், எந்தப் பாடப்புத்தகமும் இந்த வேகத்துல வேலை செய்யாது.

அறிகுறி 4: எல்லாம் புரியுது, ஆனா வாயில வரவே மாட்டேங்குது

"கலெக்ட், ரிசீவ், இம்ப்ரூவ், ஆன்சர்"னே பேசி ஓட்டிடுவாங்க. தப்பே இருக்காது, அதனால ஆசிரியருக்கும் தெரியாது. 2004ல லியாவ், ஃபுகுயா ரெண்டு பேரும் சீன மாணவர்களை வெச்சு இதையே ஆராய்ச்சி பண்ணாங்க, நடு நிலையில இருக்குறவங்க ஃப்ரேஸல் வெர்பைத் தவிர்த்துட்டு ஒத்தை வார்த்தைக்குப் போறாங்க, மேல் நிலைக்குப் போனவங்க தாய்மொழிக்காரங்களுக்குக் கிட்டத்துல பயன்படுத்துறாங்கன்னு வந்துச்சு. அதனால நடு நிலை மாணவர்கிட்ட இது இருந்தா பதறாதீங்க.

செக்: ஒரு அஞ்சு நிமிஷம் நேத்து நடந்ததைச் சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, 'பிக் அப்' வந்திருக்கக்கூடிய இடத்தை எண்ணுங்க. காரணத்தை அவங்ககிட்டயே கேளுங்க. "அது கொச்சை"ன்னு நினைச்சா, இல்லைன்னு சொன்னாலே பாதி சரியாகும். தப்பாயிடுமோன்னு பயந்தா, ஒரே ஒரு அர்த்தத்தை அந்த வாரத்துக்குன்னு கொடுங்க. எனக்கு நல்லா வேலை செய்யறது மொழி கத்துக்கிட்ட கதை: செங்துவுக்கு வேலைக்குப் போன ஒருத்தர் அங்க பேசுற சிச்சுவான் வழக்கை எப்படிப் புடிச்சார்னு கேட்டா, "ஐ பிக்ட் இட் அப் ஃப்ரம் மை நெய்பர்ஸ்" தானா வந்து நிக்கும், ஏன்னா "லேர்ன்ட்"னு சொன்னா கிளாஸுக்குப் போய் படிச்ச மாதிரி ஆயிடும்னு அவங்களுக்கே படும்.

ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில, ஆபீஸ் அறிக்கையில ஒத்தை வார்த்தை போடறாங்கன்னா விட்டுடுங்க, அங்க அதுதான் சரி.

அறிகுறி 5: படிச்சா தெரியுது, காதுல விழமாட்டேங்குது

"பிக்கிடப்"னு வேகமா சொன்னா மூணு வார்த்தைன்னு பிரிக்க முடியாது. மேன்டரின்ல ஒரு அசை 'க்', 'ப்', 'ட்'னு அடைச்சு முடியாது, அதனால 'பிக்'கை 'பிக-ஆப்'னு ஒரு உயிரைச் சேத்துச் சொல்லுவாங்க, அப்படிச் சொல்றவங்களுக்கு அப்படித்தான் கேக்கும். குவாங்சோ, ஹாங்காங் பக்கம் கேன்டனீஸ் பேசுறவங்களுக்கு அந்த அடைப்பு சொந்த மொழியிலேயே இருக்கு, அவங்களுக்கு இந்த அறிகுறி குறைவு, அதனால ஊரை முதல்லயே கேட்டுக்குங்க.

முதல்ல ஹெட்போனை மாத்திப் பாருங்க, இது செலவில்லாதது. அப்புறம் "பிக்-கி-டப்"னு மூணு அசையா கை தட்டிச் சொல்ல வைங்க. யூக்ளிஷ் மாதிரி வீடியோவுல தேடுற தளத்தை நம்பி வீட்டுப்பாடம் கொடுக்காதீங்க, அது யூடியூப் மேல ஓடறது, சீனாவுக்குள்ள யூடியூப் திறக்காது. யூடாவ் அகராதியில உதாரண வாக்கியத்துக்கு ஒலி இருக்கு, அது போதும். ரெண்டு மாசம் கழிச்சும் எந்த வார்த்தையோட முடிவும் பிடிபடலைன்னா உச்சரிப்புக்குன்னே இருக்குற பயிற்சியாளர்கிட்ட அனுப்புங்க. சீனத்துல பேசுற போன் கால்கூட சரியா கேக்கலைன்னு சொன்னாங்கன்னா அது இங்கிலீஷ் பிரச்னையே இல்லை, காது டாக்டரைப் பாக்கச் சொல்லணும்.

அறிகுறி 6: சொன்னதும் எதிர்ல இருக்குறவங்க சங்கடப்படுறாங்க

"லாஸ்ட் நைட் ஐ பிக்ட் அப் எ கேர்ள்". ஸ்டேஷன்லேருந்து தெரிஞ்சவங்க பொண்ணைக் கூட்டிட்டு வந்ததைத்தான் சொல்றார், ஆனா கேக்குறவங்களுக்கு முன்பின் தெரியாத பொண்ணை வளைச்சதா போய்ச் சேருது, சீனத்துல அது 'தா ஷான்' பக்கம். இதை வெட்கப்பட்டு விட்டுடாதீங்க, வேலை பாக்குற இடத்துல பேர் கெட்டுப்போற விஷயம், நேராவே சொல்லிடுங்க. 'எ கேர்ள்' இருக்கற இடத்துல 'மை ஃப்ரெண்ட்ஸ் டாட்டர்'னு யாருன்னு வரணும், எங்கிருந்துன்னு இடம் வரணும். சந்தேகமா இருந்தா "கேவ் ஹெர் எ லிஃப்ட்" பத்திரமானது.

அறிகுறி 7: சேத்து எழுதறதா பிரிச்சு எழுதறதான்னு குழப்பம்

வினையா வந்தா ரெண்டு வார்த்தை, பெயரா வந்தா ஒண்ணு. பிக்கப் கோட், பிக்கப் டிரக், கிட்டார்ல இருக்குற பிக்கப் எல்லாம் ஒண்ணு. இதுக்கு மேல இதுல நேரம் போட வேணாம்.

எப்ப கையைத் தூக்கி வேற ஆளைக் கூப்பிடணும்

மேல ஒவ்வொண்ணுலயும் சொன்னது போக ஒரு கேஸ் இருக்கு. மாணவர் ஏற்றுமதி கம்பெனியில இருந்து, சரக்கை யார் எங்க பிக் அப் பண்றது, அதுக்கு யார் காசுன்னு இருக்குற ஒப்பந்தத்தையோ மெயிலையோ கொண்டுவந்து "லாவ்ஷி, இது சரியா"ன்னு கேட்டா, வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்துட்டு விட்டுடாதீங்க. அதுல "பிக் அப் தி காஸ்ட்"னா செலவை ஏத்துக்கறது, "பிக் அப் தி கார்கோ"ன்னா சரக்கை வந்து எடுக்கறது, ரெண்டும் ஒரே பத்தியில வரும், மாத்திப் படிச்சா நஷ்டம் நிஜ காசுல வரும். அதைத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கிட்டயும் அவங்க கம்பெனி வக்கீல்கிட்டயும் காட்டச் சொல்லுங்க. விசா நேர்காணல், ஆஸ்பத்திரி காகிதத்துக்கும் இதேதான்.